திருப்பிக் கூப்பிடாத அண்ணி

கவலைப்படுவதற்கென்றே பிறந்தவர் எங்கள் அண்ணி என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் மூச்சு விடுகிற மாதிரி அவர் கவலைப்படுவார். அண்ணன் லாரி ஓட்டுகிறவர். நாலைந்து நாள் சேர்ந்தாற்போல வெளியூரில் இருப்பார். அவர் போனை எடுக்கவில்லை என்றால் டயர் வெடித்திருக்கும். எடுத்துவிட்டால், ஓட்டிக்கொண்டே பேசுகிறாரே என்று அடுத்த கவலை. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். என் கண்ணில் தூள் விழுந்துவிடும் என்று ஒரு கவலை. அப்பாவுக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு; அவர் இருமினால் போதும், அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவார். வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து நாலாவது முறை இழுப்பார். ஒருநாள் கொண்டி கையோடு வந்துவிட்டது. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்புக்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்படிப்பட்டவர் ஒரு பூக்கடையிலோ புத்தகக் கடையிலோ வேலை பார்த்திருந்தால் உலகத்துக்கு நல்லது. அண்ணி பார்த்ததோ ஆம்புலன்ஸ் வேண்டும் என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. சின்ன அறை, நாலு சீட், ஆளுக்கொரு ஹெட்செட், முன்னால் ஒரு ஸ்கிரீன். அண்ணிக்கு ஜன்னலோர சீட். அதில் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

வேலையில் அண்ணி கெட்டிக்காரி, அதைச் சொல்லியே ஆக வேண்டும். போனில் கத்துகிறவர்கள், அழுகிறவர்கள், அட்ரஸே சொல்லத் தெரியாமல் திட்டுகிறவர்கள், எல்லாரையும் அந்தக் குரல் வழிக்குக் கொண்டுவந்துவிடும். எதிர்முனையில் இருப்பவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அண்ணியோ நிதானமாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். அவர்தான் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பயந்து முடித்தவராயிற்றே.

சிக்கல் என்னவென்றால், அந்த வேலையில் எந்தக் கதைக்கும் முடிவு தெரியாது. வண்டி வாசலுக்கு வந்ததும் ஸ்கிரீனிலிருந்து அந்த அழைப்பு போய்விடும். ஆள் பிழைத்தாரா இல்லையா என்று யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். மற்ற மூன்று பேரும் ஒரு வாய் டீ குடித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுப்பார்கள். அண்ணி அத்தனை பேரையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவார். சாப்பிடும்போது திடீரென்று, "அந்தக் குழந்தைக்கு ஜுரம் இறங்கியிருக்குமா?" என்பார். எந்தக் குழந்தை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த அறையில் இரண்டு சட்டம் உண்டு. வண்டி பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டது என்று ஸ்கிரீன் காட்டியதும் லைனை விட்டுவிட வேண்டும்; டிரைவருக்கு வழி தெரியாவிட்டால் கூப்பிட்டுக் கேட்பதற்கு அந்த வீட்டு போன் காலியாக இருக்க வேண்டுமே, அதற்காக. இன்னொன்று, விட்ட பிறகு திருப்பிக் கூப்பிடவே கூடாது. இரண்டாவது சட்டத்தை அண்ணி அவ்வப்போது மீறிக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அரை நிமிஷம், ஒரே ஒரு கேள்வி, "வண்டி வந்துடுச்சாங்க?" அவ்வளவுதான். அந்தப் பதில் கிடைத்தால்தான் அடுத்த அழைப்பை எடுக்கக் கை வருமாம்.

ஒருநாள் காலையில் மூச்சுத்திணறும் மனைவிக்காக ஒரு பெரியவர் கூப்பிட்டார். அண்ணி எல்லாம் சரியாகச் செய்தார், நேரத்துக்கு லைனையும் விட்டார். ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. திருப்பிக் கூப்பிட்டார். பெரியவரோ பேச ஆள் கிடைத்த ஆறுதலில் போனை வைக்கவே இல்லை. அண்ணிக்கும் வைக்க மனசில்லை. அதே நேரத்தில் அந்தக் குடியிருப்பின் மூன்று கேட்டுகளில் எது என்று தெரியாமல் டிரைவர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். லைன் பிஸி. நாலு நிமிஷம் போய்விட்டது. அந்த அம்மாவை உயிரோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்பது மட்டும் டிரைவர் எழுதிய புகாரில் இருந்தது. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சூப்பர்வைசர் அம்மா கண்டிப்பானவர், ஆனால் நியாயஸ்தர். அண்ணியைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாராம்.

"இது முதல் தடவையா?"

அண்ணிக்குப் பொய் வராது. "இல்லம்மா. நிறைய தடவை."

"உங்களை மாதிரி பேச இங்க ஆள் கிடையாது. அதனாலதான் கேக்குறேன், நிறுத்த முடியுமா, முடியாதா?"

மூன்று வாரம் கோப்பு அடுக்குகிற மேஜை. அதற்குப் பிறகு பழைய சீட், ஆனால் இரண்டு மாதம் கண்காணிப்பு. இன்னொரு முறை திருப்பிக் கூப்பிட்டால் ஆயுசுக்கும் கோப்புதான். ஒரு மனநல ஆலோசகரைப் போய்ப் பார்க்கச் சொல்லிக் கடிதமும் எழுதிக்கொடுத்தார்.

அன்று சாயங்காலம் நான் என் வழக்கப்படி வாயைக் கொடுத்தேன். "விட்டுத்தொலைங்க அண்ணி. உங்க மனசுக்கு ஒத்துவராத வேலை. வேற ஏதாவது பாத்துக்கலாம்."

"விட மாட்டேன்," என்றார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த சீட்டுக்கு ஆண்டவர்தான் என்னைக் கொண்டுவந்தார். என் கவலைக்காக அதை விட்டுட்டேன்னா கவலை ஜெயிச்சிடும். அடுத்து வேற எதை விடச் சொல்லும்?"

அண்ணி இவ்வளவு அழுத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பூட்டைத் தவிர வேறு எதையும் அவர் பலமாக இழுத்துப் பார்த்ததில்லை.

எங்கள் குடும்பம் தலைமுறையாக ஆலயத்துக்குப் போகிற குடும்பம். அண்ணி முதல் வரிசை. நான் கடைசி பெஞ்ச், பிரசங்கம் நீண்டால் கைப்பையைக் குடைகிற ரகம். வீட்டில் துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில்தான் அண்ணி முழங்கால் போடுவார். இருக்கிற வீட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத மூலை அதுதான். ஆலோசகரிடம் போய்வந்த மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆண்டவரே, அவரைப் பத்திரமா கொண்டுவந்து சேர்த்திடுங்க, ஆமென்." எழுந்தார். இரண்டு அடி வைத்தார். திரும்பிப் போய் முழங்கால் போட்டார். அதே அண்ணன், அதே லாரி, அதே ஆமென். நான் வாய் கொப்பளித்து முடிப்பதற்குள் ஆறு தடவை.

"ஆண்டவருக்கு என்ன ஞாபக மறதியா அண்ணி?" என்றேன். "முதல் தடவையே காதுல விழுந்திருக்குமே."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"நான் அவருக்கும் திருப்பிப் போன் பண்றேன், இல்ல?" என்றார்.

கிண்டலாகச் சொன்னது இப்படிப் போய்த் தைக்கும் என்று நான் நினைக்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாமா என்று பார்த்தேன். அவரோ மேஜை இழுப்பறையைத் திறந்து பேனா தேடிக்கொண்டிருந்தார். ஒரு காகிதத்தில் எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டினார்: ஒரு தடவை சொல். முழுசாகச் சொல். விட்டுவிடு.

ஒட்டினால் ஆயிற்றா? அன்றைக்கே ஆறு மணிக்கு அண்ணனுக்காக ஜெபம் பண்ணினார்; ஆறே காலுக்கு அண்ணனுக்குப் போன் பண்ணினார். மறுநாள் அரை மணி தாக்குப்பிடித்தார். மூன்றாம் நாள் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து தோற்றார். ஒவ்வொரு தோல்வியையும் அவரே வந்து என்னிடம் சொல்வார், ஏதோ நான் வாத்தியார் மாதிரி. ஆமென் சொன்ன கையோடு ஏதாவது வேலையைத் தொட வேண்டும் என்று ஒரு வழி கண்டுபிடித்தார். கை சும்மா இருந்தால் போனுக்குப் போய்விடுகிறதாம். அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் மின்னின மின்னலைச் சொல்லி முடியாது. அப்பாவின் சட்டைப் பொத்தான்கள் எல்லாம் இறுக்கித் தைக்கப்பட்டு, ஒன்றைக்கூடக் கழற்ற முடியாமல் அவர் தலை வழியாக உருவ வேண்டியதாயிற்று.

ஆலோசகர் மூச்சை எண்ணச் சொல்லிக்கொடுத்திருந்தார். அதையும் விடாமல் செய்தார். "எண்ணுறதுக்கு அவங்க கத்துக்கொடுத்தாங்க. எண்ணி முடிச்சதும் யார்கிட்ட பேசணும்னு எனக்குத் தெரியும். ரெண்டும் வேணும்," என்றார்.

புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அண்ணி தன் விஷயத்தை எல்லார் முன்னாலும் சொல்லி ஜெபிக்கச் சொன்னார். அங்கே ஓர் அம்மா, சபைக்கு விரிப்பு தைத்துக்கொடுக்கிறவர், "கவலைப்படுறதே பாவம். விசுவாசம் இருந்தா இப்படி வருமா?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தைக்கிற ஊசியாலேயே அந்த வாய்க்கும் இரண்டு தையல் போட்டால் என்ன என்று தோன்றியது. அண்ணி கோபப்படவில்லை.

"விசுவாசம் இருக்குக்கா. கவலையும் இருக்கு. ரெண்டும் ஒரே வீட்டுல குடியிருக்கு. யார் பேச்சைக் கேக்குறதுங்கிறதுதான் என் கையில இருக்கு."

வீடு திரும்பும் வழியில் நான் கேட்டேவிட்டேன். பல வருஷமாக எனக்குள் இருந்த கேள்வி. "சரி, நீங்க ஜெபம் பண்ணி விட்டுடுறீங்க. அதுக்கப்புறமும் ஏதாவது ஆயிட்டா?"

"ஆகலாம். நான் கவலைப்பட்டா மட்டும் ஆகாதுன்னு யாராவது எழுதிக் கொடுத்திருக்காங்களா? எது ஆனாலும் ஆண்டவர் அங்க இருப்பார். நான் எல்லா இடத்துலயும் இருக்க முடியாது. அதை ஒத்துக்கத்தான் எனக்கு இவ்வளவு நாளாச்சு."

மூன்று வாரம் முடிந்து சீட்டுக்குத் திரும்பினார். முதல் நாள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார். பதினேழு அழைப்பு, ஒன்றையும் திருப்பிக் கூப்பிடவில்லை. ஒவ்வொன்றையும் விடும்போது உள்ளுக்குள் ஒரே வரியில், "இவர் உங்க கையில, ஆண்டவரே," என்று சொல்லிவிட்டு, மேஜையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டினாராம். கைக்கு வேலை வேண்டுமே. இரண்டாவது வாரம், மூன்றாவது வாரம், ஒரு மாதம். வீட்டுக்கு வந்து பாதிச் சாப்பாட்டில் யாரையும் விசாரிப்பதும் குறைந்தது. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

கண்காணிப்பு முடியப் பத்து நாள் இருந்தது. அன்று எனக்கு விடுமுறை. அண்ணன் வழக்கம்போல வெளியூரில். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எழுந்த அப்பா, சமையலறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னப்பா?" என்றேன். நெஞ்சில் கையை வைத்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

நான் போனை எடுத்து ஆம்புலன்ஸ் நம்பரை அழுத்தினேன். நாலு சீட்டில் யார் எடுப்பார்கள் என்றெல்லாம் யோசிக்கிற நிலைமையில் நான் இல்லை. எடுத்தது அண்ணி.

"அவசர உதவி. அட்ரஸ் சொல்லுங்க."

"அண்ணி, நான்தான்! அப்பா விழுந்துட்டார்!"

ஒரு மூச்சை இழுத்து விடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதே குரல், அதே நிதானம். "அட்ரஸ் சொல்லுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. பதினைந்து வருஷமாகக் குடியிருக்கிற வீட்டுக்கு அட்ரஸ் கேட்கிறார். கத்திக்கொண்டே சொன்னேன். பதற்றத்தில் ஆட்கள் பழைய முகவரியைச் சொல்வார்கள், எழுதுகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எழுதுவார்கள், அதனால் யாராக இருந்தாலும் கேட்டு எழுத வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதெல்லாம் எனக்குப் பிறகு புரிந்தது. சொந்தக்காரர் அழைப்பென்றால் பக்கத்து சீட்டுக்குக் கொடுத்துவிடலாமாம். அன்றைக்கு ஒரு சீட்டில் ஆள் இல்லை; மற்ற இரண்டு பேரும் வேறு அழைப்பில் இருந்தார்கள்.

"வண்டி கிளம்பிடுச்சு. அவரைச் சுவர்ல சாய்ச்சு உக்கார வைங்க. சட்டையைத் தளர்த்துங்க."

பொத்தான்கள் வரவில்லை. பிடித்து இழுத்துக் கிழித்தேன்.

"நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை இருக்கா?"

"எங்கன்னு தெரியல."

"அலமாரி, மேல் தட்டு, நீல டப்பா. ஒன்னு வைங்க. அப்புறம் வாசக்கதவைத் திறந்து வச்சுட்டு அவர்கிட்டயே வந்து உக்காருங்க."

எல்லாம் செய்தேன். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் செய்தேன். அப்பாவின் கண் சொருகிச் சொருகித் திறந்தது. "அப்பா, என்னைப் பாருங்க" என்று நானும், "பேசிக்கிட்டே இருங்க, நல்லா பண்றீங்க" என்று அண்ணியும். அப்புறம் அவர் சொன்னார்:

"வண்டி கிட்ட வந்துடுச்சு. நான் லைனை விடுறேன். டிரைவர் கூப்பிடுவார். வேற யாரையும் கூப்பிடாதீங்க."

"அண்ணி, வைக்காதீங்க. தயவுசெஞ்சு வைக்காதீங்க."

வைத்துவிட்டார்.

என் வாழ்க்கையில் யாரையும் அவ்வளவு வெறுத்ததில்லை. அந்த வெறுப்பு ஒரு முழு நிமிஷம்கூட நீடிக்கவில்லை, போன் அடித்தது. எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். டிரைவர் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எந்த வழியாக வருவது என்று கேட்டார். பின்பக்கத்துச் சந்தைச் சொன்னேன். இரண்டு நிமிஷத்தில் ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தது.

ஆஸ்பத்திரியில் அப்பாவை உள்ளே கொண்டுபோய்க் கதவை மூடினார்கள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணி இப்போது கூப்பிடுவார், இதோ கூப்பிடுவார் என்று பார்த்தேன். பூட்டுக்காகத் திரும்பி வருகிறவர் மாமனாருக்காக ஒரு போன் பண்ண மாட்டாரா? பத்து நிமிஷம், அரை மணி, ஒரு மணி. போன் அடிக்கவில்லை. நான் வேறு வழியில்லாமல், கடைசி பெஞ்சுக்காரி, அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினேன். ஒரு தடவைதான். முழுசாகச் சொன்னேன். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் எதிரில் குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்கு எழுந்து இடம் கொடுத்தேன்.

டாக்டர் வெளியே வந்து, அடைப்பை எடுத்துவிட்டோம், நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள், இனி பயமில்லை என்று சொன்னதற்கும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அண்ணி வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. சூப்பர்வைசர் அம்மா அப்போதே கிளம்பச் சொன்னாராம். மாற்று ஆள் வருகிறவரை இரண்டே பேர்தான் மிஞ்சுவார்கள் என்று அண்ணி இருந்துவிட்டார். ஒன்றே முக்கால் மணி நேரம். ஒன்பது அழைப்பு.

நர்ஸைப் பிடித்துக் குடைந்தெடுப்பார் என்று நினைத்தேன். அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சொல்லு," என்றார்.

சொன்னேன். அப்பா நன்றாக இருக்கிறார், கண்ணாடி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார் என்றேன். அவர் தலையைக் குனிந்து, "நன்றி ஆண்டவரே" என்று ஒரு தடவை சொன்னார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"எப்படி அண்ணி மனசு வந்துச்சு? ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"ஒன்பது தடவை போனுக்குக் கை போச்சு. ஒவ்வொரு அழைப்பு முடிஞ்சதும்." கையை விரித்துக் காட்டினார். பேனா மூடியைப் பிடித்துப் பிடித்துப் பெருவிரலில் தோல் உரிந்திருந்தது. "பயம் போனப்புறம் நம்பலாம்னு இருந்தா நான் சாகுற வரைக்கும் நம்ப மாட்டேன். பயந்துக்கிட்டேதான் மாமாவை ஆண்டவர்கிட்ட விட்டேன். ஆனா உன்கிட்ட ஒன்னு சொல்லணும். மன்னிப்பு கேக்கணும்னு தோணுது."

"எதுக்கு?"

"கடைசியா ஒரு பொண்ணு கூப்பிட்டா. அவ அம்மா மாடிப்படியில விழுந்து தலையில அடி. அந்தப் பொண்ணுகிட்ட பேசி முடிக்கிற வரைக்கும், ஒரு நாலு நிமிஷம் இருக்கும், எனக்கு மாமா ஞாபகமே வரல. சுத்தமா மறந்துட்டேன். அப்படி மறக்கலாமா?"

"அதுல தப்பே இல்ல அண்ணி," என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

"இத்தனை வருஷத்துல," என்றார், "நான் கவலையே இல்லாம இருந்தது அந்த நாலு நிமிஷம்தான்."